மூன்றடுக்கு தெர்மாகோல்

நான் முதன்முதலாகக் கேக்கின் மேல் போட்ட ரோஜாவைப் பார்த்துவிட்டு என் மனைவி, "முட்டைக்கோஸ் நல்லா வந்திருக்கு" என்றாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே பாராட்டினாள். சுற்றிலும் நான் பச்சையில் இலை போட்டிருந்தது வேறு அவளைக் குழப்பிவிட்டது. கட்டியவன் மனம் நோகக் கூடாதே என்று, "பெறந்த நாள் கேக்குல காய்கறி போடுதது புதுசாத்தான் இருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

என் உத்தியோகம் அப்படி. ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப். காருக்கெல்லாம் நான்தான் கலர் அடிக்கிறேன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை. கலர் அடிப்பது ரோபோ. அதற்கு முந்தைய வேலைதான் எனக்கு. தகடும் தகடும் சேரும் இடுக்கில் தண்ணீர் புகாமல் இருக்க சீலர் என்று ஒரு பசையைத் துப்பாக்கி வைத்துக் கோடாக இழுத்துவிட வேண்டும். கோடு அறுபடக் கூடாது, தடிக்கக் கூடாது, முடிகிற இடத்தில் வால் நீளக் கூடாது. லைன் நிற்காது. கார் நகர நகர நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்துகொண்டே இழுக்க வேண்டும்.

அந்தக் கை, கேக்கின் ஓரத்தில் கிரீம் கோடு இழுக்க அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டது. கால்தான் பொருந்தவில்லை. கேக் ஓரிடத்தில் நிற்கிறது என்பதை என் கால்கள் ஒப்புக்கொள்ள வெகுநாள் ஆயிற்று. கோடு இழுக்கத் தொடங்கினால் தன்னால் பக்கவாட்டில் நடந்து சமையல்கட்டுச் சுவரில் போய் இடிப்பேன். கேக் வைத்துச் சுற்றுகிற தட்டு வாங்கி வந்த பிறகு தட்டும் சுற்றும், நானும் சுற்றுவேன். "ரெண்டு பேருல யாராச்சும் ஒருத்தர் நில்லுங்க, தலை கிறுகிறுங்கு" என்பாள் அவள்.

கேக் சுடுவது அவள். மேலே பூசி, பூப்போட்டு, பேர் எழுதுவது நான்.

இருவருக்கும் கோவில்பட்டிப் பக்கம் சொந்த ஊர். அவள் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி லைனில் இருந்தாள். ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே திருகாணி முடுக்குகிற வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் போய்க்கொண்டிருந்தாள். வயிற்றில் உண்டானது தங்கவில்லை. அடுத்ததும் தங்கவில்லை. நின்றுகொண்டு செய்கிற வேலை இனி வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, பூந்தமல்லியில் ஒரு அம்மா வீட்டிலேயே நடத்திய கேக் வகுப்புக்குப் பஸ் ஏறிப் போய்வந்தாள். முதலில் குக்கரில் மணல் கொட்டிச் சுட்டாள். பிறகு என் தீபாவளி போனஸில் ஒரு சின்ன ஓவன் வந்தது.

ஓவன் வந்த அன்று அதைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இந்தத் தெருவும் பக்கத்துத் தெருவும் என் கேக்கைத் தின்னாப் போதும். நான் இனி கம்பெனி பஸ்ஸு ஏற மாட்டேன். பாத்துக்கோங்க."

அதுதான் அவள் கேட்டது. கடை, போர்டு, விளம்பரம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு தெரு.

நாங்கள் குடியிருந்தது ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில். வீட்டுக்கார அக்காவின் குடும்பத்துக்கு முன்பு நிலம் இருந்தது. அது கம்பெனிகளுக்குப் போனது. வந்ததை வைத்துத் தங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகப் போர்ஷன் கட்டி எங்களைப் போன்ற தெக்கத்தி ஆட்களுக்கு விட்டிருந்தார்கள். அக்கா நல்ல மாதிரி. என் மனைவிக்கு உடம்பு முடியாமல் போனபோது பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தது அக்காதான். அதை மறந்துவிட்டு இதை எழுதினால் என் கை அழுகிவிடும். கோழிகள் வளர்த்தார். எங்கள் கேக்குக்கு முட்டை அவர் வீட்டுக் கோழிகளுடையது.

முதல் ஆர்டரும் அக்காவுடையதுதான். அவர் மகள் தண்டலத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பிறந்த நாள். நான் என் சீலர் கையால் பேரெழுதிக் கொடுத்தேன்.

"இன்னா தம்பி, நம்ம வூட்டுப் பொண்ணு பேரு சோக்கா கீதே! நீயா எழுதின?"

"ஆமாக்கா. மழை பெஞ்சாலும் ஒரு சொட்டு உள்ள எறங்காது. கேரண்டி."

"வாய்க்கு மட்டும் கொறச்சலு இல்ல" என்று சிரித்தார்.

அந்தப் பெண்ணுக்குக் கேக்கைவிட மேலிருக்கும் பூக்கள்மேல்தான் கண். "அண்ணா, எனக்கு ரெண்டு ரோஜா எக்ஸ்ட்ரா" என்று சமையல்கட்டு வாசலில் வந்து நிற்பாள். முட்டைக்கோஸ் ரோஜாவானதற்கு அவளும் ஒரு காரணம். எனக்குப் பயிற்சி கொடுக்கவென்றே தின்று தீர்த்தாள்.

அதற்குப் பிறகு வண்டி ஓடத் தொடங்கியது. பிறந்த நாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. மஞ்சள் நீராட்டுக்குக் கேக் வெட்டுவது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, பேரை எழுதிக் கொடுத்தேன். கோடையில் என் மனைவி இளநீரில் கடற்பாசி காய்ச்சி, மேலே நன்னாரிச் சிவப்பில் ஒரு அடுக்கு ஊற்றிக் கண்ணாடித் தம்ளரில் உறைய வைப்பாள். தொட்டால் நடுங்கும், ஆனால் உடையாது. வீட்டுக்கார அண்ணன் முதல் தடவை அதைக் கரண்டியால் குத்திப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, உயிரோட கீது" என்றார். பிறகு முதல் ஆளாக வந்து நிற்பார். காரமெல் புட்டிங்கைக் கவிழ்க்கும்போது பாகு வழிந்து பளபளவென்று நிற்கும். பெரிய ஓட்டலில் இதைச் சின்னத் தட்டில் வைத்து இலைக்கொழுந்து ஒன்றைச் சொருகித் தருவார்களாம். நானும் அக்காவின் முருங்கை மரத்தில் ஒரு கொழுந்து கிள்ளிச் சொருகினேன். என் மனைவி ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

கரண்ட் போகிற காலம் அது. கரண்ட் போனால் கிரீம் இளகும், ரோஜாக்கள் குடிகாரன் மாதிரி ஒரு பக்கமாகச் சாயும். மீன்கடைக்கு ஓடி ஐஸ் வாங்கி வந்து கேக்கைச் சுற்றி வைப்பேன். ஒரு தடவை ஸ்ட்ராபெர்ரி கேக்கில் லேசாக வஞ்சிர வாடை. "புது பிளேவர்" என்று சமாளித்தேன். அதையும் தின்றார்கள். அந்தத் தெருவில் எதைக் கொடுத்தாலும் தின்றார்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

"நீங்க இன்னா ஆளுங்க?" என்று அக்கா ஒருமுறை என்னைக் கேட்டிருந்தார். வாடகைக்கு வந்த புதிதில். எங்கள் பக்கத்தில் இதையே சுற்றி வளைத்துக் கேட்பார்கள்: எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, எந்தக் கோயில் கொடை. இங்கே நேராகவே கேட்டுவிட்டார்கள்.

"பெயிண்ட் ஷாப் ஆளுங்கக்கா" என்றேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். நாலைந்து வருஷம் அந்தச் சிரிப்பிலேயே குடியிருந்தோம்.

பிறகு ஆடி மாதம். அம்மன் கோயில் கூழுக்கு எங்கள் வீட்டையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று பேச்சு வந்திருக்கிறது. நான் ஷிஃப்டில் இருந்தேன். அக்கா எங்கள் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாராம். என் மனைவி முட்டை அடித்துக்கொண்டிருந்தாளாம். பேச்சோடு பேச்சாக அக்கா அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். இவள் முட்டை அடிப்பதை நிறுத்தாமல் பதில் சொல்லியிருக்கிறாள். எங்கள் சாதியின் பேரை, உள்ளது உள்ளபடி.

"அப்படியா" என்றாராம் அக்கா. மிச்சக் கடலையையும் உடைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்து போனாராம்.

நான் வந்ததும் சொன்னாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டேன்: "ஏளா, எதுக்குச் சொன்ன? ஏதாச்சும் ஜோக்கடிச்சிட்டுப் போயிருக்கலாம்லா?"

"கேட்டாவ, சொன்னேன். எம்புட்டு நாளைக்குப் பெயிண்ட் ஷாப் ஆளுன்னு சொல்லிக்கிட்டுத் திரிய? எனக்கு உங்க மாரி ஜோக்கடிக்க வராது."

கூழுக்கு எங்களைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். கோயில் காரியம், ஆயிரம் வேலை, மறப்பதுதான். அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு பிறந்த நாளுக்குச் சொல்லி வைத்திருந்த கேக்கை வேண்டாம் என்றார்கள். குழந்தைக்குச் சளி. அதற்கடுத்து இன்னொரு வீட்டில் தாத்தாவுக்குச் சர்க்கரை. பிறகு அக்காவே ஒருநாள் வாசலில் நின்றபடி சொன்னார்:

"அது இன்னான்னா தம்பி, கேக்குல முட்ட போடுறீங்க இல்ல? செவ்வா வெள்ளி எங்க வூட்ல துன்ன மாட்டாங்க. மத்தவங்களும் அதான் சொல்லிக்கினு கீறாங்கோ."

"அக்கா, அது உங்க கோழி போட்ட முட்டைதானக்கா."

"கோழி போட்டா, அது கோழியோட வேல. துன்றது வேற இல்ல?"

 

என் மனைவி அதை நம்பினாள். நம்ப வேண்டும் என்று முடிவு செய்து நம்பினாள் என்றுதான் சொல்ல வேண்டும். முட்டையில்லாக் கேக் சுடப் படித்தாள். தயிர் ஊற்றி, சோடா உப்புப் போட்டு, கெட்டிப்பால் கலந்து பார்த்தாள். முதலில் செங்கல் மாதிரி வந்தது, அடுத்தது களி மாதிரி. விடாமல் சுட்டாள். கடைசியில் பஞ்சு மாதிரி ஒன்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தின்றால் முட்டை இல்லையென்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு சனிக்கிழமை அதைத் துண்டு போட்டுத் தெருவில் வீட்டுக்கு வீடு கொண்டுபோனாள். "முட்டை கிடையாதுக்கா, சுத்த சைவம்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். எல்லோரும் சிரித்த முகமாக வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை குப்பை போடப் போனவன் நான். தொட்டியில் கிடந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு வந்து அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை குப்பை போட்டவள் அவள்.

"வெள்ளரிப்பழத்துல செஞ்சாலும் இதேதான்" என்றாள். அத்தோடு முட்டைப் பேச்சு முடிந்தது.

அடுத்த தை மாதத்தில் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை காஞ்சிபுரம் பக்கம். அக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். பல மாதங்களுக்குப் பிறகு வாயில் 'தம்பி' திரும்பியிருந்தது. நடுவில் நான் 'இந்தாப்பா' ஆகியிருந்தேன்.

"தம்பி, ரிசப்சனுக்கு மேடையில மூணு அடுக்கு கேக்கு வோணும். பொண்ணு ஆசப்படுது. நீதான் செய்யணும். உன் கைவேலை யாருக்கு வரும்?"

உள்ளே என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. ஈரக்கையோடு வந்தாள். அந்த முகத்தை நான் ஓவன் வந்த அன்று பார்த்தது. "எத்தன பேருக்குக்கா? அடுக்குக்கு ஒண்ணா வேற வேற ருசி வச்சிரலாம். கீழ அடுக்கு சாக்லேட்டு..."

"உள்ளாற இன்னாத்துக்கும்மா ருசி? தெர்மாகோல் வெச்சு மேல பூவுலாம் போட்டுக் குடுங்க, போதும். மேல் அடுக்குல கத்தி வெக்கறதுக்கு ஒரு எடத்துல கீறி வுட்டுரு. போட்டோவுக்குத்தான? துன்றதுக்கு பேக்கரில சொல்லிக்கீறோம்."

கீழ் இரண்டு அடுக்கும் தெர்மாகோலாக வைப்பது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். மேலடுக்கு மட்டுமாவது கேக்காக இருக்கும். வெட்டுகிற இடமாவது.

"மேலடுக்க மட்டும் நான் சுட்டுத் தாரேன்க்கா" என்றாள் என் மனைவி. "முட்டை இல்லாம."

"வாணாம்மா. உனக்கு இன்னாத்துக்குச் செரமம்? ஒடம்பு வேற முடியல."

அக்கா போனதும் நான், "முடியாதுன்னு சொல்லிருவோம். எனக்கு நைட் ஷிஃப்டுன்னு சொல்லிருதேன்" என்றேன்.

"செய்ங்க" என்றாள். "மண்டபத்துல நம்மளைத் தெரியாத ஆளுக ஆயிரம் பேரு பாப்பாக. அதுல நாலு பேரு யாரு செஞ்சான்னு கேட்டு வந்தா, அவங்களுக்கு நான் நெசமா சுட்டுக் குடுப்பேன்."

எனவே செய்தேன். தெர்மாகோலில் கிரீம் நிற்காது, மேடை விளக்குச் சூட்டில் வழிந்துவிடும். முட்டை வெள்ளைக்கருவில் சர்க்கரைப் பொடி போட்டு அடித்தால் சுண்ணாம்பு மாதிரி இறுகும், அதுதான் தோது. அக்காவிடமே போய் முட்டை கேட்டேன்.

"முட்ட யாருக்கு? நீங்கதான் இப்ப போடறது இல்லியே?"

"தெர்மாகோல் சைவம் இல்லியாம்க்கா."

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் முட்டை கொடுத்தார்.

லீவு போட்டுச் செய்தேன். கீழடுக்கில் சரிகைப் புடவையின் கரை மாதிரி பின்னல். நடுவடுக்கில் மல்லிகை மொட்டுகள். மேலே ரோஜாக்கள். நண்டு நடை நடந்து நடந்து, ஒரு கோடு அறுபடவில்லை, ஒரு வால் நீளவில்லை. என் வாழ்நாளில் அதைவிட நல்லதை நான் செய்ததில்லை, இனிச் செய்யப்போவதும் இல்லை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், செய்யும்போது சந்தோஷமாக இருந்தேன். விசில்கூட அடித்திருக்கிறேன். அவள் மூடிய ஓவன்மேல் காய்கறிக் கூடையை வைத்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு சிக்கல். மூன்றடுக்கும் சேர்த்து ஒரு பூனைக்குட்டி கனம்கூட இல்லை. மண்டபத்து ஃபேன் காற்றுக்கு நிற்காது. கம்பெனி மூளை வேலை செய்தது. கீழடுக்கைக் குடைந்து உள்ளே ஒரு செங்கல்லைச் செருகி மூடி, மேலே பூசிவிட்டேன். ஆடவில்லை, அசையவில்லை. என் பெருமை சொல்லி மாளாது.

ரிசப்ஷன் அன்று மேடையில் விளக்குப் போட்டதும் மண்டபமே "அட" என்று ஒருமுறை கை தட்டியது. மேலடுக்கில், ரோஜாக்களுக்குக் கீழே கத்திக்குக் கீறல் விட்டிருக்கிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா மகளிடம் சொன்னார். மகள் மாப்பிள்ளையிடம் சொல்ல மறந்துவிட்டாள், அல்லது வெட்கப்பட்டாள். எப்படிச் சொல்வது, நம் கேக் பொய் என்று?

போட்டோக்காரர், "சார், கத்தியப் புடிங்க, மேடம் கை மேல, சிரிங்க" என்றார். மாப்பிள்ளைக்கு நல்ல ஆரோக்கியமான கை. மேலடுக்கெல்லாம் அவர் கண்ணில் படவில்லை. பெரிய அடுக்காகப் பார்த்துக் கீழே ஒரே இறக்காக இறக்கினார். தெர்மாகோல் கிரீச் என்று பல் கூசக் கத்தியது. அப்புறம் 'டங்' என்று ஒரு சத்தம்.

மைக் பக்கத்தில் இருந்ததால் அந்த 'டங்' பந்தி வரைக்கும் கேட்டது.

"இன்னா மச்சான், பொண்ணு வூட்டு கேக்குல கம்பி கட்டிக் கீறாங்களா?" என்று மாப்பிள்ளையின் தோழன் கத்த, மண்டபம் சிரித்து உருண்டது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய, செங்கல் என்னுடையது.

மாப்பிள்ளை நல்ல மனிதர். அவரும் சிரித்தபடி, வெட்டத்தான் முடியவில்லை, இதையாவது ஊட்டுவோம் என்று மேலிருந்த ஒரு ரோஜாவைக் கிள்ளி எடுத்தார். சர்க்கரையும் வெள்ளைக்கருவும்தான், நாக்கில் வைத்தால் கரையும். அதைப் பெண்ணின் வாயருகே கொண்டுபோனார். போட்டோக்காரர் "அப்படியே, அப்படியே" என்றார்.

அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். சிரிப்பு மாறாமல்தான் நிறுத்தினாள். "அது வாணாங்க, டெக்கரேசனுக்கு" என்றது மைக்கில் கேட்டது. பின்னாலிருந்து ஒரு கை, பேக்கரிக் கேக் துண்டு வைத்த தட்டை நீட்டியது. மாப்பிள்ளை ரோஜாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு கணம் விழித்துவிட்டு மேடை ஓரத்தில் வைத்தார்.

நான் அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. ரெண்டு ரோஜா எக்ஸ்ட்ரா கேட்டவள்தான். ஆனால் முன் வரிசையில் அவள் சித்தப்பன் பெரியப்பன் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி மேடைக்குக் கீழே, ஜெனரேட்டர் வயர் போகிற இடத்தில், நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவள் மேடையைப் பார்க்கவில்லை. ஓரத்தில் கிடந்த ரோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவின் வீட்டுக்காரர் தேடி வந்து, "சாப்ட்டுத்தான் போவணும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பந்தியில் பிரியாணி. அக்காவே வந்து என் மனைவியின் இலையில் இன்னொரு துண்டு கறி வைத்தார். கொடுப்பதில் அந்த வீட்டில் ஒருநாளும் குறை இருந்ததில்லை. எங்களிடமிருந்து வாங்குவதில்தான்.

அவள் கணக்குப் போட்டபடியே ஆட்கள் கேட்டு வந்தார்கள். வாலாஜாபாத் ரோட்டில் ஒரு வீட்டிலிருந்து வந்தார்கள், சுங்குவார்சத்திரத்திலிருந்து வந்தார்கள். அக்காவே கூட்டி வந்து காட்டினார். "நம்ம வூட்ல குடியிருக்கிறவருதான், கைவேலை அப்படி" என்று பெருமை பேசினார். வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: அதே மாதிரி, தெர்மாகோலில். ஒருவர் மட்டும் கொஞ்சம் மாற்றிக் கேட்டார். செங்கல் வேண்டாம் என்றார்.

"உள்ள நெசக் கேக்கே வச்சுத் தாரோம்" என்று என் மனைவி ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். வந்தவர்கள் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா கோழிகளைப் பார்த்தார்.

நான் கூட்டல் போட்டுப் பார்த்தேன். மாசத்துக்கு ஒன்றிரண்டு கல்யாணம் வந்தால் ஓடிவிடும், இவள் வேலைக்குப் போக வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் ரொம்பச் சாமர்த்தியமாகப் பேச்செடுத்தேன். "ஒருவிதத்துல நல்லதுதான்ளா. கெட்டுப்போகாது, கரண்டு போனா கவலையில்ல, முட்டை செலவு கம்மி. ஒரே தெர்மாகோலைச் சொரண்டிட்டு அடுத்த கல்யாணத்துக்கும் ஓட்டிரலாம். உலகத்துலயே தீராத கேக்கு நம்மகிட்டதான் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை.

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"பூசுதது நீங்க. பூப்போடுதது நீங்க. உள்ள இருக்குறதுதான் நான் செய்யுதது. உள்ள ஒண்ணும் வேண்டாங்காவ. அப்ப இதுக்கு நான் எதுக்கு?" குரல் உயரவில்லை. "என் கையத்தான் வேண்டாங்காவ. உங்க கையி வாயிக்குப் போகாதுல்லா, அதனால அது கைவேலை."

"என் கையும் உன் கையும் ஒண்ணுதானளா..."

"ஒண்ணுதான். ஆனா உங்களுக்கு மண்டபத்துல கை தட்டினாக. நீங்களும் நின்னு சிரிச்சீங்க. பாத்தேன்."



சித்திரை பிறந்ததும் அவள் கம்பெனி பஸ் ஏறினாள். காருக்கு வயர் பின்னுகிற கம்பெனி, ஒரகடத்திலேயே. அதிலும் நின்றுகொண்டுதான் வேலை. டாக்டரம்மா சொன்னதை நான் நினைவுபடுத்தினேன். "இனிமே தங்குதது எங்க தங்கப் போகுது" என்றாள். பையை மாட்டிக்கொண்டு போனாள். நான் வாசலில் நின்று பஸ் திரும்புகிறவரை பார்த்தேன். அக்கா கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டே, "இன்னாப்பா, பொண்ண வேலைக்கு அனுப்பிட்டியா? வூட்லயே கேக்கு செஞ்சிக்கினு இருந்துச்சே, நல்லாத்தான இருந்துச்சு" என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

வந்த தெர்மாகோல் ஆர்டரில் ஒன்றை முடித்துக் கொடுத்தேன். வாக்குக் கொடுத்தாயிற்று. பூக்கள் சரியாக வரவில்லை என்று எனக்கு மட்டும் தெரிந்தது. பிறகு கேட்டு வந்தவர்களிடம், கையில் நரம்புச் சுளுக்கு என்று சொன்னேன். கம்பெனியில் அதே கையால் ஷிஃப்ட் முழுக்கச் சீலர் இழுத்துக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து, இருவருக்கும் லீவு வாய்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஓவன்மேலிருந்த காய்கறிக் கூடையை அவள் கீழே இறக்கினாள். மாவு சலித்தாள், முட்டை உடைத்தாள். முட்டை கடையில் வாங்கியது. வெண்ணெய் வாசனை வரிசை முழுக்கப் பரவியது. பக்கத்துப் போர்ஷனில் யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். எட்டிப் பார்க்கவில்லை. ஒரு கிலோ கேக், பொன்னிறமாக, நடுவில் லேசாக வெடித்து வந்தது.

நான் பழக்க தோஷத்தில் அலமாரியிலிருந்து கிரீம் பையை எடுத்தேன்.

"வையிங்க கீழ" என்றாள். "இதுல ஒண்ணும் போடக் கூடாது."

வெறும் கேக்கை வெட்டினாள். இருவரும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்து தின்றோம். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன், அவள் தலையாட்டினாள். இன்னொரு துண்டு தின்றோம். ஒரு கிலோவை இரண்டு பேர் எவ்வளவு நேரம்தான் தின்பது. கேக் என்பதே பத்துப் பேர் வந்து நின்று ஆளுக்கொரு துண்டு வாங்கிக்கொண்டு போகிற அளவில் செய்கிற சாமான். கால்வாசிகூடத் தீரவில்லை.

"உன் கம்பெனி லைன்ல கொண்டு போயி குடு" என்றேன்.

"அங்கயும் கேப்பாளுக. எந்த ஊரு, எந்தத் தெருன்னு."

மிச்சத்தைத் தூக்குச்சட்டியில் வைத்து மூடினாள். ராத்திரிச் சோற்றுக்குப் பதில் அதைத் தின்றோம். மறுநாள் காலை இருவர் டிபன் டப்பாவிலும் அதையே வைத்தாள். புதன்கிழமை ஓரம் காய்ந்துவிட்டது, பாலில் தோய்த்துத் தின்றோம். குப்பைக்கு மட்டும் ஒரு துளி போக விடவில்லை அவள்.